ஏழு முருகேசனும் ஒரு பைவாட்டரும்

காலை ஆறரைக்கு வருகிறேன் என்றவன் ஏழு மணிக்குத்தான் வந்தான். பாரிமுனை பஸ் நிலையத்தில் அரை மணி நேரம் சும்மா நிற்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று நின்றவர்களுக்குத்தான் தெரியும். மூக்கைப் பிடித்துக்கொண்டால் வாயால் மூச்சு விட வேண்டும். வாயைத் திறந்தால் டீசல் புகை. காஞ்சிபுரம் வண்டிகள் இரண்டு என் கண்ணெதிரே காலியாகக் கிளம்பிப் போயின. மூன்றாவது வண்டி நிரம்பி வழிகிற நேரத்தில் டெனிஸ் பைவாட்டர் ஆடி அசைந்து வந்தான். தலையில் அகலமான காக்கித் தொப்பி.

“இன்னா மேன், புலி வேட்டைக்கா போறோம்?” என்றேன்.

“வெயிலுக்கு மேன். ஏரிக்கரைல நெழலே இருக்காதாம். மார்லின் குடுத்தா.”

“லேட்டா வந்ததுக்கு இன்னா குடுத்தா?”

“திட்டு.”

சிரித்துவிட்டேன். ஊரில் எல்லாரிடமும் கோபப்படுகிற எனக்கு இவனிடம் மட்டும் கோபம் நிற்பதில்லை.

போகிற காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். டெனிஸ் என்னோடு ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கிறவன். என்னுடையது லேத், அவனுடையது பக்கத்து மெஷின். ஆங்கிலோ இந்தியன். அடுத்த வருடம், தொண்ணூற்றிரண்டில், இரண்டு பேருக்கும் ஓய்வு. எனக்கு வியாசர்பாடியில் ஒரு ஓட்டு வீடு இருக்கிறது. அவனுக்குக் குவார்ட்டர்ஸைத் தவிர ஒன்றும் கிடையாது. அவன் அப்பா பெரம்பூர் குவார்ட்டர்ஸ், தாத்தா அரக்கோணம் குவார்ட்டர்ஸ், அவருக்கு முன்னால் இருந்தவர் ஜோலார்பேட்டை குவார்ட்டர்ஸ். ரயில் நின்ற ஊரிலெல்லாம் பைவாட்டர் குடும்பமும் நின்றிருக்கிறது. எந்த ஊரிலும் இறங்கவில்லை.

மார்லின் அவன் மனைவி. அவளுடைய தம்பி ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில் இருக்கிறான். அக்காவையும் மாமாவையும் அழைத்துக்கொள்ள எல்லா ஏற்பாடும் செய்துவிட்டான். இவர்கள் சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. டெனிஸுக்குப் போக மனமில்லை. மார்லின் கெட்டிக்காரி. “ஈஸ்டருக்குள்ள எனக்கு ஒரு எடத்தைக் காட்டு. காட்டலன்னா ஏரோப்ளேன் ஏறு” என்று சொல்லிவிட்டாள். ஈஸ்டருக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. ஒரகடம் பக்கம் ஏரி ஓரத்தில் மனை விற்பதாக யாரோ சொல்ல, இதோ கிளம்பிவிட்டோம்.

எனக்கு அவன் போகக் கூடாது. அவ்வளவுதான். ஏன் என்று கேட்டால் கேரம் ஆட வேறு ஆள் இல்லை என்பேன்.

ஸ்ரீபெரும்புதூருக்கு ஆளுக்கு நாலரை ரூபாய். நாற்பது கிலோமீட்டர். பூந்தமல்லி வரை நின்றுகொண்டுதான் போனோம். அங்கே ஒரு கல்யாணக் கூட்டம் இறங்கியதில் உட்கார இடம் கிடைத்தது.

உட்கார்ந்ததும் கேட்டேன். “அதெப்படி மேன், ஏரி ஓரத்துலதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கற? ஆவடில மேட்டு மனை பார்த்தோமே, அதுக்கு இன்னா கொறச்சல்?”

“எங்க பேரு அப்படி மேன்” என்றான்.

அவன் சர்ச்சில் வயதான வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் இருக்கிறார். அவர் சொன்ன கதை இது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஆளுக்கு ஒரு பெயர்தான். அதுவும் எல்லாரும் ஜான், வில்லியம் என்று நாலைந்து பெயரையே திரும்பத் திரும்ப வைத்தார்கள். ஒரே ஊரில் பத்து ஜான். வரி வசூலிக்க வந்த ராஜாவின் ஆளுக்கு எந்த ஜானைப் பிடிப்பது என்று புரியவில்லை. அதனால் ஆள் இருக்கிற இடத்தைச் சேர்த்துச் சொன்னார்கள். குன்றின் மேல் இருந்தவன் ஜான் ஹில். காட்டோரத்துக்காரன் ஜான் வுட். ஊர்க்கோடியில் இருந்தவன் ஜான் டவுன்செண்ட். தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்தவன் ஜான் பைவாட்டர். மகன்கள் வேறு ஊருக்குப் போனார்கள், பட்டாளத்தில் சேர்ந்தார்கள், கப்பலேறி இங்கே வந்தார்கள். பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது.

“ஆக, உன் பேரு பேரே இல்ல. விலாசம்” என்றேன்.

“கரெக்ட் மேன். விலாசம்தான்.”

“எந்தத் தண்ணி? ஆறா, ஏரியா, குட்டையா?”

“அது ஃபாதருக்கும் தெரியாது. எந்த ஊருன்னும் தெரியாது. ஊரு போச்சு, ஜான் போயிட்டான். தண்ணி மட்டும்தான் மிச்சம்.”

சொல்லிவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தான். எனக்கு இந்த மாதிரிப் பேச்சு பிடிக்காது. பேர் என்பது ஆளைக் கூப்பிட ஒரு சத்தம், அதற்காக எவனாவது நிலம் வாங்குவானா என்று திட்டினேன். அவன் கேட்கவில்லை. செம்பரம்பாக்கம் வந்துவிட்டது. எழுந்து நின்று எட்டிப் பார்த்தான். சாலையிலிருந்து பார்த்தால் நீளமான ஏரிக்கரைதான் தெரியும், மலைப்பாம்பு படுத்த மாதிரி. தண்ணீர் கரைக்கு அந்தப் பக்கம். “தண்ணியே தெரியலயே மேன்” என்று உட்கார்ந்தான். “கரை இருக்கறதே தண்ணி இந்தப் பக்கம் வரக்கூடாதுன்னுதான்” என்றேன். அப்படிச் சொன்ன நானே இரண்டு மணி நேரம் கழித்து அதை மறந்தேன். அது பிறகு.

ஒன்பது மணிக்கு ஸ்ரீபெரும்புதூர். பஸ் நிலையத்துக்கு எதிரே இட்லி சாப்பிட்டோம். நான்கு இட்லி, ஒரு வடை, மூன்று ரூபாய். இட்லி கல். சாம்பார் நன்றாக இருந்தது. சப்ளை செய்தவரிடம் இட்லியைப் பற்றிச் சொன்னேன். “அதுக்குதான் சார் சாம்பாரு” என்றார். பதில் பிடித்துப்போய் இன்னொரு வடை வாங்கினேன்.

ஒன்பதே முக்காலுக்கு வல்லக்கோட்டை போகிற டவுன் பஸ். சீட்டில் ஸ்பாஞ்சு கிடையாது, வெறும் தகரம். பாதை முழுக்க வேர்க்கடலைக் கொல்லையும் அறுத்த நெல் வயலும். நடுநடுவே புதிதாக நீள நீளமாக மதில் சுவர். உள்ளே ஒன்றும் இல்லை, சுவர் மட்டும். கம்பெனிகள் வரப்போகின்றன என்று பேச்சு. அதனால் கொல்லைக்குக் கொல்லை மஞ்சள் பெயிண்ட் அடித்த கல் நட்டு, பலகை மாட்டிவிட்டார்கள். ஒரு பொட்டலில் ஒரு ஆடும் ஒரு பலகையும் இருந்தன. பலகையில் ‘கார்டன் சிட்டி’ என்று எழுதியிருந்தது. கார்டனை ஆடு தின்றுகொண்டிருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் உரமூட்டையைக் காலுக்கிடையில் வைத்திருந்தார். யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டார். ஊரைச் சொல்லி, தரகர் முருகேசனை என்றேன். பெரியவர் பொக்கை வாயைத் திறந்து சிரித்தார்.

“எந்த முருகேசன்? வல்லக்கோட்டை முருகன் கோயிலைச் சுத்தி கீற ஊரு இது. எல்லா வூட்லயும் வேண்டிகினு வேண்டிகினு அதே பேரைத்தான் வெப்பாங்க. நீ போற ஊர்ல மட்டும் ஏழு முருகேசன் கீறான். என் பேரு இன்னான்ற?”

“முருகேசனா?”

“பின்ன?”

டெனிஸ் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை.

ஊர்ப் பெயரை எழுதாமல் விடுகிறேன். வல்லக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் இடையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆளால் ஊருக்குக் கெட்ட பெயர் வரவேண்டாம். பத்தரைக்கு இறங்கினோம். நிறுத்தத்தில் ஒரு புளியமரம், ஒரு டீக்கடை. கடையில் தனம் என்கிற அம்மாள் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். கை ஆற்றுகிற வேகத்துக்கு வாயும் ஓடியது.

“முருகேசன் இருக்காராம்மா?”

“எந்த முருகேசன்? மேட்டு வூடா, மதகு வூடா, கலங்கல் வூடா, பனந்தோப்பு வூடா?”

“தரகு வேல பாக்கறவரு.”

“ஓ, ரோட்டு முருகேசனா? அவரு எங்க வூட்டுக்காரருக்குத் தம்பிதான். வூட்ல தங்கவே மாட்டாரு, எப்பவும் ரோட்லயேதான். வருவாரு, குந்துங்க.” பிறகு டெனிஸைப் பார்த்து, “தொரைக்கு சக்கர போடலாமா?” என்றாள்.

டெனிஸுக்கு ‘தொரை’ பிடிக்காது. பெரம்பூர் மார்க்கெட்டிலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவன் திரும்ப மாட்டான். இப்போதும் புளியமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “போடும்மா, நல்லா போடு” என்று நான்தான் சொன்னேன்.

ரோட்டு முருகேசன் சைக்கிளில் வந்தான். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் மூன்று பேனா. எங்களை வயலுக்கு நடுவே ஒரு கிலோமீட்டர் நடத்திக்கொண்டு போனான். எதிரே ஏரிக்கரை உயரமாக நின்றது. இந்தப் பக்கச் சரிவு வெறும் மண்ணும் புல்லும்தான், சுலபமாக ஏறினோம். மேலே ஏறியதும் டெனிஸ் அப்படியே நின்றுவிட்டான். தூரத்தில் தண்ணீர். பங்குனி வெயிலில் பளபளவென்று கிடந்தது. கொக்குகள். காற்று ஜில்லென்று அடித்தது. அந்தப் பக்கம் இறங்கும்போது சரிவு பூராவும் கருங்கல் பதித்திருந்தது. கல் சூட்டில் என் செருப்பு வழுக்கி முட்டி தேய்ந்தது. எவன் இங்கே கல்லைக் கொட்டினான் என்று வைதுகொண்டே இறங்கினேன். கீழே சமதரை, பச்சைப் புல். அங்கே மஞ்சள் கற்கள் வரிசையாக நட்டிருந்தன. தண்ணீர் அங்கிருந்து இருநூறு அடியில்.

“இதான் சார். கிரவுண்டு ஒம்பதாயிரம். நூறு அடி ரோடு வருது, கரண்டு வருது. தண்ணிப் பிரச்சனையே கெடையாது.”

இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் அவன் சத்தியமாகத்தான் சொன்னான். அது பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

டெனிஸ் தண்ணீர் ஓரம் வரை நடந்து போனான். குனிந்து கையை நனைத்தான். திரும்பி வந்து என் தோளில் ஈரக்கையை வைத்தான். “மூர்த்தி, நான் எங்கயும் போகல மேன்” என்றான்.

“சட்டைய நனைச்சிட்ட” என்று கத்தினேன்.

முன்பணம் கொடுப்பதாகப் பேச்சு முடிந்தது. ரோட்டு முருகேசன் முத்திரைத்தாள் வாங்க ஒரகடத்துக்குச் சைக்கிளை மிதித்தான். வருவதற்கு இரண்டு மணியாகும். டெனிஸ் கரை மேல் உட்கார்ந்துவிட்டான், தொப்பியும் அவனுமாக. வா என்றால் வரவில்லை. பசி எனக்குத்தான். நான் மட்டும் டீக்கடைக்குத் திரும்பினேன்.

பன் ஒன்றைத் தோய்த்துக்கொண்டே தனத்திடம் பெருமையாகச் சொன்னேன். “எங்காளு உங்க ஊர்லயே வூடு கட்டப் போறாரும்மா. ஏரிப் பக்கம்.”

“எந்த வூட்டாண்ட?”

“வூடெல்லாம் ஒண்ணும் இல்ல. கரைக்கு அந்தாண்ட, புல்லு மொளச்சி கெடக்குதே, அங்க.”

தனம் டீ ஆற்றுவதை ஒரு நொடி நிறுத்தினாள். மறுபடி ஆற்றினாள். “ம்” என்றாள். அவ்வளவு பேசுகிறவள் ‘ம்’ என்று நிறுத்தியது எனக்கு உதைத்தது.

யோசித்தேன். மேட்டில் இருந்தவன் மேட்டு வீடு. மதகுப் பக்கம் இருந்தவன் மதகு வீடு. ஏரி நிரம்பி வழிகிற இடத்தில் இருந்தவன் கலங்கல் வீடு. இந்த ஊர்க்காரர்கள் ஒரு பனந்தோப்பைக் கூட விடவில்லை, ஏறி உட்கார்ந்து பெயரும் வாங்கிவிட்டார்கள். புல்லும் காற்றும் தண்ணீருமாக, ஊரிலேயே அழகான இடம் அது. கோயில் காலத்திலிருந்து இருக்கிற ஊரில் ஒரு முருகேசன் கூடவா அங்கே வீடு கட்டவில்லை?

“அந்தப் பக்கத்துப் பேர்ல எந்த வூடும் இல்லையாம்மா?”

“இல்ல.”

“ஏன்?”

“இன்னொரு பன்னு வெக்கட்டுமா?”

“ஏம்மா இல்லன்னு கேக்கறேன்.”

“அண்ணே, அவரு எனக்கு மச்சினரு. நாளைக்கு ஒரே வூட்ல சோறு துன்னணும். நான் ஒண்ணும் சொல்லல. நான் டீ ஆத்திகினு கீறேன்.”

அப்போதுதான் முட்டி எரிந்தது. கருங்கல். கரையில் எந்தப் பக்கம் கல் பதிப்பார்கள்? அலை அடிக்கிற பக்கம். செம்பரம்பாக்கத்தில் டெனிஸுக்குப் பாடம் நடத்திய மேதாவி நான், கரையைத் தாண்டி ஏரிக்குள் இறங்கி நின்று கிரவுண்டு விலை பேசியிருக்கிறேன். அது ஏரி ஓரம் இல்லை. ஏரி. மழைக்காலத்தில் நிரம்புகிற உள்வாய்.

பன்னை வைத்துவிட்டு எழுந்தேன். தனம் முதுகைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் கழுவினாள். ஆனால், “வெயில்ல ஓடாதண்ணே, மொள்ள போ” என்றாள்.

ஓடவில்லை. மெதுவாகத்தான் போனேன். உண்மையைச் சொன்னால் போகவே பிடிக்கவில்லை. சொன்னால் அவன் பெர்த் போய்விடுவான். சொல்லாவிட்டால் இங்கேயே இருப்பான், ஐப்பசி வரை. வயல் வரப்பில் நின்று ஒரு பீடியைப் பற்றவைத்தேன். பாதி வரை இழுத்தேன். கரை மேல் அந்தத் தொப்பி தெரிந்தது. மார்லின் அந்தப் புல்வெளியில் பூச்செடி நடுவாள் என்று தோன்றியது. அதோடு பீடியை எறிந்துவிட்டு ஏறினேன்.

பூசி மெழுகத் தெரியாது எனக்கு. “இது ஏரி மேன். நாம ஏரிக்குள்ள எடம் வாங்கறோம்” என்றேன். கல்லைக் காட்டினேன். வீடு இல்லாத கதையைச் சொன்னேன்.

டெனிஸ் கல்லையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, “தண்ணிக்குப் பக்கத்துல கேட்டா தண்ணிக்குள்ளயே குடுக்கறான்” என்றான். சிரிக்கத்தான் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. “எங்காளு ஜானைவிட நான் மோசம் மேன். அவனுக்கு எந்தப் பக்கம் நிக்கணும்னாவது தெரிஞ்சிருக்கு.”

“சரி, வுடு.”

“மார்லின் கிட்ட சொல்லிடறேன். பெர்த்துல கடல் இருக்காம்.”

ஆற்றாமையை எல்லாம் ரோட்டு முருகேசனுக்காகச் சேர்த்து வைத்தேன். இரண்டு மணிக்கு அவன் முத்திரைத்தாளோடு வந்தான். டீக்கடையில் வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

“யோவ், ஏரியை விக்கறியே, மீனுக்குத் தனியா ரேட்டா?”

அவன் அசரவில்லை. “சார், மூணு வருசமா ஏரி ரொம்பவே இல்ல.”

“ரொம்பினா?”

“ரொம்பினா கவர்மெண்டு பாத்துக்கும்.”

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். நான் போட்ட சத்தத்தில் புளியமரத்துக் காக்கைகள் பறந்தன. எழுதத் தகாத வார்த்தைகள், விட்டுவிடுகிறேன். என் மூச்சு தீர்ந்ததும் ரோட்டு முருகேசன், “டீ சாப்பிடுங்க சார், ரொம்பக் கத்திட்டீங்க” என்றான். குடித்தேன். அவன் கணக்கில்தான்.

அந்த நேரத்தில் மண்ணூரிலிருந்து வருகிற பஸ் நின்றது. நீல யூனிபாரம் போட்ட ஒருவர் இறங்கினார். அங்கே ஒரு கம்பெனியில் முதல் ஷிப்டு முடித்து வருகிற ஆள். தனம் சட்டென்று குரலை உயர்த்தினாள்.

“மதகு வூட்டு அண்ணே! இப்டி வாயேன். உங்க பழைய எடத்த இந்தத் தொரை பாத்தாரா?”

மச்சினனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் அவள் செய்கிற வேலையைப் பார்த்தீர்களா? ரோட்டு முருகேசன் அண்ணியை முறைத்தான். அவள் டம்ளர் கழுவினாள்.

மதகு வீட்டு முருகேசன் பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். “எங்க பழைய வூடா? அது மதகாண்ட, கரைக்கு இந்தாண்ட. எங்க தாத்தா இருந்தாரு. பஸ்ஸு வுட்டதும் ரோட்டாண்ட வந்துட்டோம். இப்ப எனக்கு ஷிப்டு, ஓவர்டைமுன்னு பஸ்ஸுதான் முக்கியம். சொவரு மட்டும் நிக்குது.”

“மதகை விட்டு வந்து எத்தன வருஷம் ஆச்சு?” என்று டெனிஸ் கேட்டான்.

“நான் பொறக்கறதுக்கு முன்னாடியே வந்துட்டோம்.”

“இன்னும் மதகு வீடுன்னுதான் சொல்றாங்களா?”

“கம்பெனிலகூட அப்டிதான். லைன்ல மூணு முருகேசன். சூப்பர்வைசரு மதகு முருகேசன்னுதான் கூப்புடறாரு. அவருக்கு மதகுன்னா இன்னான்னே தெரியாது, ஊரு மதுர.”

டெனிஸ் எழுந்தான். “பாக்கலாமா?” என்றான்.

நான் ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்தவன். போகிற வழியெல்லாம் கேள்வி கேட்டேன். வெள்ளம் வருமா, பட்டா இருக்கிறதா, பாம்பு உண்டா. அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். மழை பெய்தால் கரை கொஞ்சம் ஈரம் கசியும், அதற்காகத் தரையைத் தூக்கிக் கட்ட வேண்டும். பட்டா தாத்தா பெயரில் இருக்கிறது. பாம்பு உண்டு. உண்டு என்று சொன்ன பிறகுதான் அந்த ஆள் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

கரையின் வெளிப்பக்கம், புல் சரிவுக்குக் கீழே, இரண்டு பனைமரம். இடிந்த மண்சுவர் முழங்கால் உயரத்துக்கு நின்றது. மதகிலிருந்து வருகிற கால்வாய் வாசல் பக்கமாகவே ஓடுகிறது. அன்றைக்குக் கணுக்கால் அளவுதான் தண்ணீர், ஆனால் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய ஏரி கண்ணுக்குத் தெரியாது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் கரை ஏற வேண்டும். டெனிஸ் ஏறினான். இறங்கினான். மறுபடி ஏறி, பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்தான்.

“விக்கறதுன்னா எங்க அண்ணனைக் கேக்கணும்” என்றார் முருகேசன். “ஆவடில கீறாரு. நாளைக்கு இல்ல, அடுத்த ஞாயித்துக்கெழம வராரு. அவரு சரின்னா சரி. இல்லனா இல்ல. இப்பவே வாக்குக் குடுக்க முடியாது.”

விலையைக் கேட்டேன். அண்ணன் வரட்டும் என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் திட்ட ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

ஐந்து மணி பஸ்ஸுக்கு நிறுத்தத்தில் நின்றோம். வாங்குவானா, போவானா, எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயம். பஸ் வந்தது. நான் ஏறினேன். படியில் அவன் கால் வைக்கும்போது கடைப்பக்கமிருந்து ஒரு கூச்சல்.

“ஏரிக்கரையாரே! ஓ ஏரிக்கரையாரே! தொப்பி!”

தனம் தொப்பியை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள். பின்னால் ரோட்டு முருகேசனும், “ஏரிக்கரையாரு தொப்பிய வுட்டுட்டாரு, வண்டிய நிறுத்துய்யா!” என்று கண்டக்டரைப் பார்த்துக் கத்தினான். நாள் பூரா கரை மேல் உட்கார்ந்திருந்த ஆளுக்கு அந்த ஊர் தன் வழக்கப்படி ஒரு பெயர் போட்டுவிட்டது. இத்தனைக்கும் பைவாட்டர் என்கிற பெயரே அவர்களுக்குத் தெரியாது. அர்த்தத்தை அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

டெனிஸ் திரும்பினான். மார்க்கெட்டில் யார் எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பாதவன், முதல் கூப்பாட்டுக்கே திரும்பிவிட்டான். கையை நீட்டித் தொப்பியை வாங்கினான். “வரேம்மா” என்றான்.

தகர சீட்டில் உட்கார்ந்து தொப்பியை மடியில் வைத்துக்கொண்டான். நான் என் ஊரை நினைத்துக்கொண்டேன். வியாசர்பாடியில் ஐம்பது வருடமாக இருக்கிறேன். எங்கள் தெருவில் மூன்று மூர்த்தி. எதிர்வீட்டுக்காரர் தபால்காரரிடம் எனக்கு அடையாளம் சொன்னதை ஒரு நாள் கேட்டேன். ‘கத்துவாரே, அந்த மூர்த்தி’ என்றார். ஒரே பகலில் இவனுக்கு ஓர் ஏரியே கிடைத்துவிட்டது. பொறாமையாகத்தான் இருந்தது.

கண்டக்டர் வந்தார். “எங்க சார்?”

“ரெண்டு ஸ்ரீபெரும்புதூர்” என்றேன்.

டெனிஸ் தலையைத் தூக்கினான். “கண்டக்டர், அடுத்த ஞாயித்துக்கெழம இந்த ஊருக்கு மொத பஸ்ஸு எத்தன மணிக்கு? என் ஒய்ஃபைக் கூட்டிகினு வரணும்.”